பதினோராவது கட்டம்

நேர்முகத்துக்கு வந்த அன்று உங்கள் இருவரிடமும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: எதற்காக இந்த வேலை? இருவரும் ஒரே பதிலைச் சொன்னீர்கள். எங்கள் புதிய தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டத்தை நூறு தடவை பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். அதோடு விட்டிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். எழும்பிப் போகும்போது உங்களில் ஒருவர் கதவடியில் நின்று, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம். அந்தப் பதினோராவது ஆள் ஆர்?" என்று கேட்டார்.

நான் பேனையை மூடி வைத்துவிட்டு, "திங்கட்கிழமை எட்டரைக்கு வாங்கோ" என்றேன். கோபம் வந்தால் என் குரல் தாழ்ந்துவிடும். அது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

திங்கட்கிழமை நீங்கள் வரும்போது நான் இருக்க மாட்டேன். வரைகலை அறையில் ஆறு வருடம் நான் இருந்த கதிரை இனி உங்களுடையது. இயந்திரங்களைப் பற்றிய எல்லாம் கணினியில் 'ஒப்படைப்பு' என்ற கோப்பில் இருக்கிறது. நாற்பத்திரண்டு விடயங்கள், வரிசைப்படி. இது அந்தக் கோப்பில் இல்லாத நாற்பத்து மூன்றாவது.

தொடரின் கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும், எல்லாம் அதிலிருந்து தொடங்குவதால் சொல்கிறேன். நீதிமன்றத்துக்குப் போகாமல் தலைமறைவாகி, திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒளிந்திருப்பவர்களை நாலு பேர் கொண்ட ஒரு பொலிஸ் பிரிவு தேடிப் பிடிக்கிறது. வாரத்துக்கு ஒருவர். அந்தப் பிரிவின் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் 'தேடப்படுபவர்' அறிவித்தல்கள் பதினொன்று. ஒருவர் பிடிபட்டால் நாயகன் அவருடைய படத்தை ஊசியிலிருந்து உருவி எடுப்பான்.

அந்தப் பலகையைச் செய்தது நான்.

நடிகர்கள் முடிவாவதற்கு முன்பே பலகை படப்பிடிப்புக்குத் தேவைப்படும். அந்த இடைவெளியை நிரப்ப எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் ஆட்களின் முகங்களையே ஒட்டிவிடுவோம், உண்மையான படம் வந்ததும் மாற்றுவோம். எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்தவர் சிரித்துச் சிரித்துப் பழக்கிவிட்டுப் போன வழக்கம் அது. ஒன்றாவது எங்கள் ஒலிப்பதிவாளர், குற்றம் கப்பல் கொள்ளை. இரண்டாவது வாகனச் சாரதி, ஆள்மாறாட்டம். நாலாவது நான், வெடிமருந்துக் கடத்தல். பிறந்தநாளன்று எடுத்த படம், பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன். ஏழாவது எங்கள் வரவேற்பாளர், மூன்று கொலை. அவர் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்.

பத்துப் பேர் முடிந்துவிட்டார்கள். பதினோராவது கட்டம் காலி. படப்பிடிப்புக்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது இயக்குநர் வந்து பார்த்தார். "வெறுமையாக் கிடந்தா பாக்கிறவையின்ர கண் அங்கதான் போகும். ஆரையாவது போடுங்கோ. இந்தப் பத்துப் பேரும் கலியாண வீட்டில நிக்கிற மாதிரி நிக்கினம். ஒரு பயமான முகம் ஒண்டு போடுங்கோ."

அன்று காலை எங்கள் ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. அவசரத்துக்கு யாரோ கிண்ணியாவிலிருந்து நிஸ்தார் நாநாவைக் கூட்டி வந்தார்கள். துறைமுகப் பக்கத்தில் ஒரு தனியார் இறங்குதுறையில் சரக்குப் படகுகளின் இயந்திரங்களைத் திருத்துகிறவர். ஐம்பது வயது இருக்கும். முக்கால் மணித்தியாலத்தில் ஜெனரேட்டரை ஓட வைத்துவிட்டு, பக்கத்துக் கல்லில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டரின் இலக்கத் தகட்டைப் படமெடுப்பதற்காக நான், "நாநா, கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்றேன். அவர் தள்ளவில்லை, நிமிர்ந்து பார்த்தார். வெயில் முகத்தில் அடித்ததால் கண் இடுங்கியிருந்தது. இடது கன்னத்தில் எண்ணெய்க் கறுப்பு. அந்த முகத்தோடு போனில் படம் விழுந்துவிட்டது.

அரை மணித்தியாலம் இருக்கும்போது என் போனில் இருந்த ஒரே அந்நிய முகம் அதுதான்.

தேத்தண்ணிக் கோப்பையை வெட்டினேன். நிறத்தை எடுத்தேன். கண்ணுக்குக் கீழே நிழலைக் கூட்டினேன். கன்னத்து எண்ணெய்க் கறையை ஆழமாக்கினேன், அது ஒரு வெட்டுத் தழும்பாக மாறியது. மற்றப் பத்துப் பேருக்கும் நான் இப்படி ஒன்றும் செய்யவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

கேட்டிருக்கலாம். அவர் ஐம்பது அடி தள்ளி நின்று திருத்தும் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். நடந்து போய்க் கேட்க ஒரு நிமிடம். நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக என் பட்டியலில், 'பலகை 11: ஆளிடம் கேள், அல்லது மாற்று' என்று எழுதினேன். எழுதியதும் செய்து முடித்தது போல ஒரு நிம்மதி வந்தது. பட்டியல் போடுகிறவர்களுக்கு வரும் நோய் இது. உங்களில் ஒருவர் நேர்முகத்துக்கே குறிப்புக் கொப்பியோடு வந்தீர்கள், ஆகவே சொல்கிறேன்.

அந்தப் பட்டியல் முதலாம் பாகத்துக்கானது. முன்னோட்டத்தைக் கொழும்பில் வேறொரு அறை வெட்டியது. அவர்களுடைய பட்டியலில் பலகை என்று ஒரு சொல் இல்லை.

முன்னோட்டம் வெளியான நாள் அலுவலகமே கலியாண வீடு. தொடருக்காகக் காத்திருந்த ரசிகர்கள் தங்களுக்கு 'வலைக்காரர்' என்று பெயர் வைத்து முகநூலில் ஒரு குழு நடத்தினார்கள். நீங்களும் அதில் இருந்திருப்பீர்கள். ஒன்றரை நிமிட முன்னோட்டத்தில் பலகை வருவது இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியை நிறுத்தி, பெருப்பித்து, முகங்களை எண்ணினார்கள். மாலைக்குள் பத்துப் பேரையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒலிப்பதிவாளர் தானே குழுவுக்குள் போய், 'சரணடைகிறேன், சாப்பாடு நல்லதா?' என்று எழுதினார். எங்கள் வீட்டுப் பக்கத்து மரக்கறிக் கடைக்காரர் அம்மாவிடம், "உங்கட மகளுக்கு எத்தினை வருசம் கிடைக்கும்?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பதினோராவது முகம் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததால் அது வளர்ந்தது. அவன்தான் கடைசி வில்லன், பெரிய நடிகர் ஒருவர் வேடம் மாறி வந்திருக்கிறார், நிறுவனம் வேண்டுமென்றே மறைக்கிறது. 'தழும்புக்காரன்' என்று பெயரும் வைத்தார்கள்.

நான் எங்கள் தயாரிப்பு முகாமையாளரின் அறைக்குப் போனேன்.

"சேர், பதினொண்டு நடிகர் இல்ல. ஜெனரேட்டர் திருத்த வந்த நாநா. அவரிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல. மாத்த வேணும்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எண்டா இன்னும் நல்லம், பிள்ளை. ஒருத்தருக்கும் தெரியாத முகம். நாங்கள் தேடித் திரிஞ்சாலும் இப்பிடி ஒண்டு கிடைச்சிராது."

"அவர் கிண்ணியாவில இருக்கிற ஆள். பாலம் தாண்டினா வீடு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்கோ. வெள்ளிக்கிழமை நானே பாக்கிறன்."

என் பட்டியலில் 'வெள்ளி' என்று எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன். அன்று திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை நிஸ்தார் நாநாவின் மகள் முன்னோட்டத்தைப் பார்த்தாள். ஹஸ்னா, பதினைந்து வயது. அவளும் வலைக்காரி, முதல்நாள் பாகத்துக்காக நாட்காட்டியில் நாள் வெட்டிக்கொண்டிருந்தவள். பலகையை நிறுத்திப் பார்த்துவிட்டு, குழுவில், 'இது என் வாப்பா' என்று எழுதினாள். பக்கத்தில் மூன்று இதயங்கள். வாப்பா வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் நடித்திருக்கிறார், முதல்நாள் எல்லோரையும் தொலைக்காட்சிக்கு முன் இருத்தி ஆச்சரியப்படுத்தப் போகிறார் என்று நினைத்தாளாம். அவளும் தனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய ஆச்சரியத்தைக் கெடுக்கக்கூடாதாம்.

இதைப் பிறகு கேட்டபோது நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

குழு அவளை நம்பவில்லை. நிறுவனம் விட்ட துப்பு என்று நினைத்தது. அவளுடைய பக்கத்திலிருந்து ஊரைப் பிடித்தார்கள், ஊரிலிருந்து தெருவைப் பிடித்தார்கள். புதன் பின்னேரம் தம்பலகாமம் பக்கமிருந்து நாலு மோட்டார்சைக்கிளில் பெடியள் வந்து அந்த வீட்டு வாசலில் நின்று, "தழும்புக்காரா, வெளிய வா! சுத்தி வளைச்சிட்டம்!" என்று கத்தினார்கள். கையில் விளையாட்டுக் கைவிலங்கு. அதையும் படமெடுத்துக் குழுவில் போட்டார்கள். ஆயிரம் சிரிப்பு முகங்கள் விழுந்தன. உள்ளே இருந்த உம்மாவுக்கும் பிள்ளைக்கும் அது விளையாட்டு என்று யார் சொன்னது?

அதைவிடக் கெட்டதாக அன்றே இன்னொன்றும் நடந்தது. யாரோ பலகையை விட்டுவிட்டுப் பதினோராவது கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தார். அதில் தொடரின் பெயர் இல்லை, எங்கள் இலச்சினை இல்லை. இருந்தது 'தேடப்படுபவர்' என்ற தலைப்பு, ஒரு முகம், ஓர் உயரம், 'ஆபத்தானவர், நெருங்க வேண்டாம்' என்ற ஒரு வரி. எழுத்தின் அளவு பார்த்து, இடைவெளி பார்த்து அந்த வரியை வைத்ததும் நான்தான். உண்மையான அறிவித்தல் போலவே இருக்க வேண்டும் என்று பாடுபட்டேன். இருந்தது. வட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது.

வியாழன் காலை இறங்குதுறை வாசலில் நிஸ்தார் நாநாவின் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த அட்டை இல்லாமல் உள்ளே போக ஏலாது. உள்ளே போகாமல் அவருக்கு வேலை இல்லை.

அவர் நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே படியேறி வந்து, என் மேசைக்கு முன்னால் நின்ற பிறகுதான் கழற்றினார்.

"புள்ள, இது நீங்க எடுத்த படம்தானே. அண்டைக்கு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில நான் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இரிந்தன்."

"ஓம் நாநா."

"தேத்தண்ணிக் கோப்பை எங்க?"

நான் கணினித் திரையை அணைத்தேன்.

"என்ர கன்னத்தைப் பாருங்க. எங்க இரிக்கி தழும்பு?" முகத்தைத் திருப்பிக் காட்டினார். மழித்த கன்னம். ஒன்றும் இல்லை. "கேற்றில நிக்கிற பெடியனுக்கு என்னைப் பதினாலு வருசமாத் தெரியும். நோம்புக்குக் கஞ்சி குடுத்து விட்டிருக்கன். அவன் இண்டைக்கு என்னைப் பாத்துட்டு ரெண்டடி பின்னால போறான்."

"நாநா, நான் கேட்டிருக்க வேணும். பிழை என்ர."

"கேட்டிருந்தா வேணாம் எண்டிருப்பன். ஏன் தெரியுமா?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சண்டைக் காலம், எனக்குப் பதினெட்டு வயசு. ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் மைதானத்தில வெயிலுக்க வரிசையா நிப்பாட்டினாங்க. முகத்தை மூடின ஒருத்தனுக்கு முன்னால ஒவ்வொருத்தரா நடக்கணும். அவன் தலையாட்டினா அந்த ஆள் முடிஞ்சி. நான் நடக்கிற நேரம் அவன் ஆட்டல்ல. எனக்கு முன்னால போனவனுக்கு ஆட்டினான்." கவசத்தின் வாரை விரலில் சுற்றிக்கொண்டார். "இத்தனை வருசத்துக்குப் பொறகு நீங்க ஆட்டிட்டீங்க, புள்ள."

நான் அப்போது பிறக்கவில்லை. ஆனால் இதே திருகோணமலையில், லிங்கநகரில் வளர்ந்தவளுக்கு அந்த வரிசையை யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவர் அதில் நின்றிருக்கிறார். இந்த ஊரில் சுவரில் ஒட்டிய முகம் என்றால் என்ன என்று தெரிந்தும், நான் அதைப் பகிடிக்குரிய சாமானாகச் செய்து ஒட்டினேன். இந்த ஊர்க்காரி செய்தாள் என்பதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

முகாமையாளர் அறைக்கு மறுபடி போனேன். அவர், "நாளைக்கு வெள்ளிதானே" என்றார்.

நான் என் மேசைக்கு வந்து, எங்கள் தளத்திலிருந்து முன்னோட்டத்தை எடுத்துவிட்டேன். கடவுச்சொல் என்னிடம் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை. எனக்குப் படிப்பித்த முறை அது: பழுதுக்குக் காரணம் எது என்று பார், அதைக் கழற்று. கழற்றினேன். நாநாவிடம், "எடுத்துட்டன், இனிப் பிரச்சினை இல்ல" என்றேன். அவர் கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

என் பிழைகளிலே மோசமானது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு மணித்தியாலத்தில் குழு எரிந்தது. 'ஏன் எடுத்தார்கள்?' 'பொலிஸ் எடுக்கச் சொன்னதாம்.' 'அப்படியென்றால் பதினொன்று உண்மையான ஆள்!' அதுவரை விளையாட்டு என்று நினைத்தவர்களும் நம்பத் தொடங்கினார்கள். வெட்டிய கட்டத்தின் பிரதிகள் நூறு இடத்தில் இருந்தன, நான் எடுத்தது ஒன்றை. அந்த ஒன்றில்தான் மற்றப் பத்துச் சிரிக்கும் முகங்களும் தொடரின் பெயரும் இருந்தன. அவருக்குச் சாட்சியாக இருந்த ஒரே துண்டை என் கையாலேயே அழித்தேன்.

வெள்ளி காலை முகாமையாளர் அதைத் திரும்பப் போட்டார். மேலே ஒரு வரி: 'பதினோராவது ஆள் எங்கே?' என்னைக் கூப்பிட்டு ஏசவில்லை. முதுகில் தட்டினார். "நீங்கள் எடுத்ததுதான் பெரிய விளம்பரம், பிள்ளை. நான் யோசிச்சிருந்தாலும் வந்திராது."

அவரைக் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. மழை நாளில் எங்களை வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறவர். ஒரு முகம் அவருக்குப் படமாக மட்டும் தெரிந்தது, அவ்வளவுதான். என்னைப் பற்றியும் வேறெதுவும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அன்று பத்து மணிக்கு நான் படப்பிடிப்புக் களஞ்சியத்துக்குப் போய் அந்தப் பலகையைச் சுவரிலிருந்து கழற்றினேன். ஓர் ஆள் உயரம், கையை விரித்தால் எட்டாத அகலம். ஓர் ஓட்டோவைப் பிடித்து இரண்டு பக்கமும் வெளியே தெரிய ஏற்றினேன். சாரதி கண்ணாடியில் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதில நாலாவது நீங்கதானே?"

"ஓம்."

"ஏத்தினா என்னையும் பிடிப்பாங்களோ?"

"பிடிச்சா நான்தான் கடத்தினனான் எண்டு சொல்லுங்கோ."

"வெடிமருந்தெல்லாம் வீட்டில வச்சிட்டுத்தானே வந்தனீங்கள்?" என்று சிரித்துக்கொண்டே உள்துறைமுக வீதியில் திருப்பினார். வேறொரு நாள் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

நிஸ்தார் நாநாவை இறங்குதுறை வாசலுக்கு வரச் சொல்லியிருந்தேன். கவசத்தோடு எதிர்ப்பக்க மர நிழலில் நின்றார். வாசல் காவலாளிகளின் பொறுப்பதிகாரி கந்தளாய்க்காரர், நிதானமான மனிதர், தமிழ் நன்றாகப் பேசினார். பலகையை அவருடைய மேசைக்கு முன் சாய்த்து வைத்துவிட்டு, நான் நாலாவது படத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இது நான். என்னைப் பிடியுங்கோ."

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மிஸ், இது..."

"வெடிமருந்துக் கடத்தல். கீழ எழுதியிருக்கு. பதினொண்டை உள்ள விட மாட்டீங்கள் எண்டா நாலையும் விடக்கூடாது. ஒரே பலகை, ஒரே கை செய்தது."

இரண்டு காவலாளிகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஏழாவது ஆளை ஒருவர் அடையாளம் கண்டார். "இவ எங்கட தங்கச்சியோட படிச்சவ!" சிரிப்பு வந்தது. பொறுப்பதிகாரியும் பாதி சிரித்தார், பிறகு நிறுத்தினார்.

"மிஸ், உங்கட படத்தைப் பாத்தா எனக்குப் பயம் வரல்ல. இந்தப் பத்திலயும் வரல்ல. இதைப் பாத்த உடன வந்தது." விரலைப் பதினோராவது கட்டத்தில் வைத்தார். "அஞ்சு குழுவில இருந்து என்ர போனுக்கு வந்தது. நான் விட்டு ஏதும் நடந்தா? நான் என்ன செய்ய?"

நான் என் போனைத் திறந்து மூலப் படத்தைக் காட்டினேன். நிறத்தோடு. கல், ஜெனரேட்டர், கையில் தேத்தண்ணிக் கோப்பை, வெயிலுக்கு இடுங்கிய கண், கன்னத்தில் எண்ணெய். பிறகு எதை வெட்டினேன், எதைக் கூட்டினேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "உங்களுக்குப் பயம் வந்தது அவரால இல்ல. நான் வர வச்சனான். அது என்ர வேலை, எனக்கு அது நல்லாச் செய்யத் தெரியும்."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே விளங்கியது. எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பை விட்டு வைத்தேன். தெரியாத மனிதருக்கு மட்டும் நிழல் போட்டேன். அவசரத்தில் கை தானாகப் போன பக்கம் அது. அந்தக் கையைப் பற்றித்தான் உங்களை எச்சரிக்கிறேன், மென்பொருளைப் பற்றி இல்லை.

பொறுப்பதிகாரி நிஸ்தார் நாநாவைக் கூப்பிட்டார். "கவசத்தைக் கழட்டுங்க, ஐயா." கழற்றினார். கன்னத்தைக் கிட்ட வந்து பார்த்தார். நிஸ்தார் நாநா இந்த ஊரில் மறுபடி ஒருவருக்கு முன்னால் நின்று முகத்தைக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். எனக்குரிய தண்டனை என்று ஒன்று இருந்தால் அது அந்த அரை நிமிடம்.

"எனக்கு விளங்கிட்டு. ஆனா மேலிடத்துக்குக் கடிதம் வேணும். உங்கட கம்பனி தர வேணும்."

எங்கள் கம்பனி தரவில்லை. கடிதம் கொடுத்தால் அனுமதி வாங்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமாம். அதற்குப் பதில் முகாமையாளரே நிஸ்தார் நாநாவுக்குப் போன் எடுத்து, இரண்டு பாகத்தில் ஒரு வேடம் தருவதாகச் சொன்னார். ஊரே தேடுகிற முகம், வந்தால் கைதட்டல் கூரையைப் பிய்க்கும் என்றார்.

"சேர், எனக்கு நடிப்பு வேணாம்," என்றாராம் அவர். "எனக்குக் கேற் வேணும்."

கடிதத்தை நான் என் பெயரில் எழுதினேன். ஐந்து வரிகள். இந்தப் படத்தை எடுத்தவள் நான். அவரிடம் கேட்கவில்லை. தழும்பு இல்லை, நான் உண்டாக்கியது. இவரை யாரும் தேடவில்லை. இதற்கு நான் பொறுப்பு. கையொப்பம், அடையாள அட்டை இலக்கம். ஒரு பிரதி வாசலுக்கு. இன்னொரு பிரதியை, மூலப் படத்தையும் மாற்றிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு, வலைக்காரர் குழுவில் போட்டேன். மூன்றாவது பிரதி முகாமையாளரின் மேசைக்குப் போனது, மாத முடிவில் வேலையிலிருந்து விலகும் கடிதத்தோடு.

குழு என்ன சொன்னது என்று நினைக்கிறீர்கள்? சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். மோட்டார்சைக்கிளில் வந்த நாலு பேரில் ஒருவர் வீட்டுக்கே போய்க் கேட்டார். அவரை நான் மதிக்கிறேன். மற்றவர்களுக்கு என் மேல்தான் கோபம். 'கதையைக் கெடுத்துவிட்டீர்கள்.' 'இதுவும் விளம்பரம்தானே?' 'மாதக்கணக்காகக் காத்திருக்கிறோம், எங்கள் சந்தோசத்தில் மண் போட உங்களுக்கு என்ன உரிமை?' ஒருவர் எழுதினார்: 'சரி, அவர் இல்லை. அப்படியென்றால் உண்மையான பதினொன்று ஆர்?'

அந்த வரிக்கு முந்நூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

அதற்குக் கீழே ஹஸ்னா மறுபடி எழுதியிருந்தாள். முதல் தடவை எழுதிய அதே வசனம். 'இது என் வாப்பா.' இந்தத் தடவை இதயங்கள் இல்லை.

பாஸ் பன்னிரண்டு நாள் கழித்துத் திரும்பக் கிடைத்தது. பொறுப்பதிகாரி தன் கையாலேயே கொடுத்தாராம். நிஸ்தார் நாநா இப்போதும் பாலத்திலிருந்து இறங்கி வாசல் வரும்வரை கவசத்தைக் கழற்றுவதில்லை. கடைக்கு நடந்து போகும்போதும் போட்டிருக்கிறார். ஹஸ்னா அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். முதல்நாள் பாகத்துக்கு வெட்டிக்கொண்டு வந்த நாட்காட்டி பாதியில் நிற்கிறது என்று அவளுடைய உம்மா சொன்னார்.

இனி நாற்பத்து மூன்றாவது விடயம்.

பலகையை நான் திருத்தி வைத்திருக்கிறேன். பத்துக் கட்டத்திலும் எழுத்து மூலம் சம்மதம் தந்த நடிகர்கள் இருக்கிறார்கள், பத்திரங்கள் அலுமாரியின் இரண்டாவது தட்டில். பதினோராவது கட்டத்தில் பச்சைத் துணியும் நாலு ஊசியும் மட்டும். முதலாம் பாகம் அப்படியே படமாக்கப்பட்டுவிட்டது. ஒளிபரப்பான அடுத்த நிமிடம் குழு அந்த வெறும் கட்டத்தைக் கண்டுபிடிக்கும். கேட்கும். முகாமையாளர் உங்கள் மேசைக்கு வருவார். அரை மணித்தியாலம்தான் இருக்கும். உங்கள் போனில் ஒரு முகம் இருக்கும், பஸ்ஸில் எடுத்தது, கடையில் எடுத்தது, யாருடையது என்று தெரியாதது. உங்களுக்கு நிழல் போடத் தெரியும், அதைப் பார்த்துத்தான் நான் உங்களைத் தெரிவு செய்தேன்.

ஐம்பது அடி நடந்து போய்க் கேளுங்கள். கேட்க ஏலாவிட்டால் வெறுமையாக விடுங்கள். கண் அங்கேதான் போகும். போகட்டும்.

கதவடியில் நின்று கேட்டவருக்குப் பதில் இது. பதினோராவது ஆள் எங்கும் ஓடவில்லை, ஒளியவில்லை. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு இறங்குதுறை வாசலில் நின்று, கவசத்தைக் கழற்றி, முகத்தைக் காட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். அவரைத் தேடிப் போகாதீர்கள்.